மேற்படி நபர்

காட்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, "டாக்டர் இளவேனில் கிளினிக் எங்க இருக்கு?" என்று கேட்டால் நாலு பேர் தலையைச் சொறிவார்கள். "கண்டக்டர் டாக்டர் வீடு" என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூட ஈரக்கையோடு முனை வரைக்கும் வந்து வழி காட்டுவார். இளவேனில் ஐந்தரை வருடம் ஓமியோபதி படித்தவள். பி.எச்.எம்.எஸ். பட்டம் வாங்கி, மாநில ஓமியோபதி கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற்றி, பதிவு எண்ணோடு வந்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள். கண்டக்டர் டாக்டர் என்பது அவள் இல்லை, அவளுடைய அப்பா பீமராவ். அவர் படித்தது பத்தாம் வகுப்பு வரை.

பீமராவுக்கு வயது அறுபத்து மூன்று. சொந்த ஊர் உப்பிலியபுரம். பள்ளிக்கூட வாட்ச்மேனாக இருந்த அவருடைய அப்பா, நாட்டுக்குச் சட்டம் எழுதியவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார். வைத்ததோடு விடவில்லை. "நீ சட்டத்தை மீறினா உனக்கு ஒண்ணும் ஆகாதுடா, அந்தப் பேருக்குத்தான் கேவலம்" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். அதனால் சட்டம் என்பது மற்றவர்களுக்கு அரசாங்க விஷயமாக இருக்கலாம், பீமராவுக்கு அது குடும்ப விஷயம்.

திருச்சி – முசிறி வழித்தடத்தில் முப்பத்தொரு வருடம் அரசு பஸ் கண்டக்டராக இருந்தார். ஒருமுறை அவருடைய மனைவி ராசாத்தியின் தம்பி சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறி, மச்சான் வண்டிதானே என்று ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். டிக்கெட் கேட்டதற்குச் சிரித்தான். பீமராவ் விசிலை ஊதி, கொட்டுகிற மழையில் குணசீலத்தில் அவனை இறக்கிவிட்டார். ராசாத்தி எட்டு நாள் அவரோடு பேசவில்லை. "டிக்கெட் இல்லாதவன் இறங்கணும். அதுல மச்சான் என்ன, மாமன் என்ன" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு, எட்டு நாளும் தானே சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அவர் ஓய்வு பெற்ற வருடம்தான் இளவேனில் வீட்டு முன்னறையில் கிளினிக் திறந்தாள். பதிவுச் சான்றிதழ் தபாலில் வந்த அன்றைக்கு பீமராவ் அதை மூன்று தடவை படித்தார். பிறகு மகளிடமிருந்த சட்டப் புத்தகத்தையும் வாங்கிப் படித்தார். பதிவேட்டில் பெயர் இல்லாதவன் மருத்துவம் பார்க்கக் கூடாது. பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் போட வேண்டும், சான்றிதழை நோயாளி கண்ணில் படுகிற மாதிரி மாட்ட வேண்டும். டாக்டருக்குப் பதிவு இருந்தால் மட்டும் போதாது, கிளினிக்குக்குத் தனிப் பதிவு. கடை போட்டு மருந்து விற்பதானால் அதற்கு வேறு உரிமம். படிக்கப் படிக்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

"இது அப்படியே எங்க டிபார்ட்மெண்டுதான்மா" என்றார். "டிரைவருக்கு லைசென்ஸ், வண்டிக்கு பர்மிட். டிக்கெட் கிழிக்கிற எனக்கே லைசென்ஸ் குடுத்து, நெஞ்சுல நம்பர் போட்டு பேட்ஜ் குத்தி வெச்சாங்க. உடம்பைத் தொடறவனுக்கு நம்பர் இல்லாம இருக்கலாமா?"

அன்றிலிருந்து அவருக்கு ஊரெல்லாம் வேலை வந்துவிட்டது. பஸ்ஸேறிப் போய் தில்லைநகர், உறையூர் என்று தெருத் தெருவாக மருத்துவர் போர்டுகளைப் படிப்பார். பதிவு எண் இல்லாத போர்டைக் கண்டால், ஏறிப் போய், பணிவாக, "நம்பர் என்னங்க?" என்று கேட்பார். பாதிப் பேர் காட்டினார்கள். மீதிப் பேரில் சிலர் அவரைச் செக்கிங் அதிகாரி என்று நினைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அவர் காப்பியைத் தொடமாட்டார், மனு எழுதிவிடுவார்.

ஸ்ரீரங்கத்தில் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டார். கீழ உத்தர வீதியில் ஒரு பழைய வீட்டு வாசலில் 'ஓமியோபதி – தேசிகாச்சாரி' என்று மட்டும் தகரப் பலகை. பட்டமும் இல்லை, எண்ணும் இல்லை. பீமராவுக்கு உள்ளுக்குள் விசில் ஊதியது. உள்ளே எண்பத்தேழு வயதுப் பெரியவர் ஒருவர், நெற்றியில் திருமண்ணோடு, சின்னச் சின்னக் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பட்டம் போடலீங்களே?"

"பட்டம் கிடையாது. அதனால போடலை. உக்காருங்கோ" என்றார் தேசிகாச்சாரி. எழுந்து போய் ஒரு துணிப்பையிலிருந்து பழுத்துப் போன சான்றிதழை எடுத்து வந்தார். "சட்டம் வந்தப்போ, அதுக்கு முன்னாலேயே பல வருஷமா வைத்தியம் பாத்துண்டிருந்தவாளை விசாரிச்சு, அவா பேரையும் பதிவேட்டுல ஏத்திண்டா. அடியேன் நம்பர் இது. இனிமே அப்படி யாரும் ஏற முடியாது. கதவைச் சாத்தியாச்சு. பலகை மாத்தணும்னுதான் இருக்கேன், ஏணி ஏற ஆளில்லை."

பீமராவ் எண்ணைக் கண்ணாடி போட்டுப் படித்தார். எழுந்து நின்று கும்பிட்டார். "அய்யா பாஸ் வெச்சிருக்கிறவரு. எனக்குத் தெரியாம கேட்டுட்டேன்" என்றவர், பெயின்டு வாங்கி வந்து, தானே ஏணியில் ஏறி அந்தப் பலகையில் பதிவு எண்ணை எழுதிவிட்டுத்தான் கிளம்பினார். கிளம்பும்போது பெரியவர் கேட்டார்: "நீங்க ஏன் பேசறச்சே தலையை ஒரு பக்கமா சாச்சுக்கறேள்?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று பீமராவ் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனுஷர் தன் வீட்டு வாசலில் என்ன செய்தார் என்பதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

கிளினிக் வாசலில் மேஜை போட்டு, டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, படிய வாரிய நரை. பார்த்தால் ஆஸ்பத்திரி டீன் மாதிரி இருப்பார். மகளோ இருபத்தெட்டு வயது, ஒல்லி, காதில் சின்னத் தோடு. வருகிறவர்கள் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, உள்ளே அவளைப் பார்த்து "நர்சம்மா, டாக்டர் எழுதிக் குடுக்கச் சொன்னாரு" என்றார்கள்.

ஓமியோபதியில் கேள்விதான் பாதி வைத்தியம். தாகம் உண்டா, இனிப்புப் பிடிக்குமா புளிப்பா, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள், இடி இடித்தால் பயமா, யார் மேல் கோபம் வரும், எல்லாம் கேட்டுத்தான் மருந்து. கதவிடுக்கு வழியாக இந்தக் கேள்விகளை ஒரு மாதம் கேட்டு பீமராவ் மனப்பாடம் செய்துவிட்டார். முப்பத்தொரு வருடம் "எங்க போகணும்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டே காலம் தள்ளிய மனுஷனுக்கு, இடி இடித்தால் பயமா என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்கிற உரிமை கிடைத்தால் விடுவாரா? நோயாளியின் நாற்காலியைத் தன் வலது கைப்பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்பார். ஹால் முழுக்கக் கேட்கும்.

பிளவுஸ் தைக்கிற சம்ரீன் தலைவலிக்காக வந்தாள்.

"கோவம் யார் மேலம்மா அதிகமா வருது?"

சம்ரீன் குனிந்து ஏதோ முணுமுணுத்தாள்.

"சத்தமா சொல்லும்மா, கூச்சப்படாத."

"எங்க மாமியார் மேலங்க" என்றாள் சம்ரீன். அந்த மாமியார் மூன்றாவது நாற்காலியில் நாலாம் எண் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு இளவேனில் இரண்டு பேருக்கும் சேர்த்து மருந்து கொடுத்து அனுப்பினாள்.

"அப்பா, கேக்கறது என் வேலை" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். "இப்படிக் கத்தினா யாருப்பா மனசு விட்டுச் சொல்லுவாங்க? உள்ள வந்ததும், 'அப்பாகிட்ட எல்லாம் சொல்லிட்டேன், அவரைக் கேட்டுக்குங்க'ங்கறாங்க. அஞ்சரை வருஷம் நான் எதுக்குப் படிச்சேன்?"

"நீ டிரைவர்ம்மா. வண்டி உன்னுது. நான் ஆளை ஏத்தி உக்கார வெக்கிறேன், அவ்வளவுதான்" என்பார் பீமராவ்.

அவ்வளவோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலையில் இளவேனில் முசிறிக்குப் போவாள், அங்கே ஒரு நண்பியின் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்க. அந்த நேரத்தில் வருகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப பீமராவுக்கு மனம் வரவில்லை. அலமாரியில் மருந்துச் சொட்டு விடாத வெறும் சர்க்கரை உருண்டைகள் பெரிய பாட்டிலில் இருந்தன. சட்டப்படி யோசித்தார். மருந்து கொடுத்தால்தானே மருத்துவம்? இது கல்கண்டு மாதிரி. கல்யாண வீட்டில் கல்கண்டு நீட்டுகிறவனிடம் பதிவு எண் கேட்பார்களா? ஆகவே, நன்றாக விசாரித்து, நாலு நாலு உருண்டையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, "டாக்டர் வர்ற வரைக்கும் இதை நாக்குல போட்டு வைங்க" என்று அனுப்பினார்.

அதில் பாதிப் பேருக்குக் குணமாகிவிட்டது. யாராவது உட்கார்ந்து அரைமணி நேரம் தன் கதையைக் கேட்டாலே சரியாகிவிடுகிற வியாதி ஊரில் நிறைய உண்டு போலிருக்கிறது. கொஞ்ச நாளில், திங்கட்கிழமை வருகிறவர்களும் இளவேனிலிடம், "அந்த வெள்ளிக்கிழமை உருண்டை இருந்தா குடுங்களேன்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை உருண்டை என்றால் என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. அப்பாவைக் கேட்டாள். அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

இந்த நிலைமையில்தான் பக்கத்துத் தெருவில் ஒருவன் அறை எடுத்து 'டாக்டர்' என்று போர்டு வைத்தான். பெயருக்குப் பின்னால் ஏழெட்டு எழுத்து. பீமராவ் மகளின் புத்தகத்தில் தேடினார், அப்படி ஒரு பட்டம் அதில் இல்லை. நம்பர் கேட்டார். தபாலில் படித்தது, நம்பர் வந்துகொண்டிருக்கிறது என்றான் அவன். ஆளும் ஏறத்தாழ பீமராவ் வயது, அவரைப் போலவே வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி. வாசலில் மேஜை போட்டு அவனும் வெள்ளை உருண்டைதான் கொடுத்தான்.

பீமராவ் அன்றிரவே மனு எழுதினார். பெயரைப் போட்டு எழுதினால் மானநஷ்ட வழக்கு வரலாம் என்று யூனியனில் யாரோ எப்போதோ சொன்னது நினைவில் இருந்ததால், பெயரையும் கதவு எண்ணையும் விட்டுவிட்டு, அங்க அடையாளத்தை மட்டும் துல்லியமாக எழுதினார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று கொடுத்து, ரசீது வாங்கினார். வாங்கியவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நேராக அந்த ஆளிடமே போய், "மனு போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டாம் நாள் அந்த ஆள் போர்டைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஆள் போய்விட்டான், மனு போகுமா? அது மேஜை மேஜையாக நடந்து மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காட்டூருக்கு வந்தது.

இந்திய மருத்துவம், ஓமியோபதித் துறையின் அலுவலர் லூர்துராணி, தானும் ஒரு டாக்டர், ஐம்பது வயது, அதிர்ந்து பேசாதவர். தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் வள்ளிக்கண்ணுவிடம் மனுவிலுள்ள அடையாளங்களைச் சொல்லி விசாரித்தார். வள்ளிக்கண்ணு கரண்டியால் திசை காட்டினாள்.

"நம்ம கண்டக்டர் டாக்டரு. வேப்பமரத்துக்கிட்ட திரும்புங்க. உள்ள அவரு பொண்ணு இருக்கும், அதுகிட்ட போயிடாதீங்க. அது காப்பி குடிக்காதேங்கும், பச்சை வெங்காயம் தின்னாதேங்கும். பெரியவர் எதையும் தடுக்க மாட்டாரு, அவர்கிட்டயே வாங்கிக்குங்க."

இதெல்லாம் பீமராவுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்கு அவர் கண்டதெல்லாம், கழுத்தைத் தடவிக்கொண்டு ஓர் அம்மாள் படியேறி வந்ததைத்தான். ஒன்பதாம் எண் டோக்கனைக் கிழித்து நீட்டினார்.

"வாங்கம்மா, உக்காருங்க. இந்தப் பக்கம். கழுத்து வலியா?"

"ஆமாங்க."

"எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க? கொஞ்சம் சத்தமா."

லூர்துராணி எல்லாவற்றுக்கும் சத்தமாகவே பதில் சொன்னார். இடது பக்கம் படுப்பார். புளிப்புப் பிடிக்கும். இடிக்குப் பயமில்லை, பல்லிக்கு உண்டு. கோபம் மேலதிகாரி மேல். பீமராவ் திருப்தியாகத் தலையாட்டினார். உள்ளே எட்டாம் எண் போய் அரைமணி ஆகியிருந்தது.

"பொண்ணு உள்ள கூப்பிடறதுக்கு இன்னும் நேரமாகும். அதுவரைக்கும் இதை நாக்குல போட்டு வைங்க" என்று மேஜை டிராயரிலிருந்து பொட்டலம் எடுத்துக் கொடுத்தார்.

லூர்துராணி பொட்டலத்தைப் பிரிக்காமல் கைப்பைக்குள் வைத்தார். அதே பையிலிருந்து அடையாள அட்டையையும் ஒரு காகிதத்தையும் எடுத்தார். காகிதத்தைத் தூரத்திலிருந்தே பீமராவ் கண்டுகொண்டார். தன் கையெழுத்து. அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மனுவுக்கு ஆபீசர் நேரிலேயே வந்துவிட்டார்.

"மேடம், இது நான் போட்ட மனுங்க. நானே எழுதினது. அந்த ஆள் ஓடிட்டான், ஆனா விசாரணைக்கு நான் முழு ஒத்துழைப்பு தரேன்."

லூர்துராணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நிதானமாகப் படித்தார். "'மேற்படி நபர் சுமார் அறுபது வயதுக்கு மேற்பட்டவர். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி அணிந்தவர்.'"

"ஆமாங்க."

"'மருத்துவப் பட்டமோ பதிவோ இல்லாதவர். வாசலில் மேஜை போட்டு அமர்ந்து, வரும் பொதுமக்களிடம் நோய் விவரங்களை விசாரித்து, வெள்ளை நிற உருண்டைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து வருகிறார்.'"

"ஆமா…" என்றார் பீமராவ். கை தன்னாலே மூக்குக்கண்ணாடிக்குப் போயிற்று.

"'இவரை டாக்டர் என்று நம்பி ஏழை எளிய மக்கள் ஏமாறுகிறார்கள்.' நீங்க பதிவு பண்ணினவராங்க?"

பீமராவ் மேஜையைப் பார்த்தார். டோக்கன் கட்டு, டிராயர், பொட்டலங்கள். தன் சட்டையையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அது வெறும் சர்க்கரைங்க மேடம். மருந்தே இல்ல. மருந்து இல்லாதப்போ அது எப்படிங்க மருத்துவம்?"

"நீங்க கேட்டீங்க, நான் என் வலியைச் சொன்னேன். நீங்க ஒண்ணு குடுத்தீங்க, டாக்டர் குடுத்தாருன்னு வாங்கிக்கிட்டேன். பொட்டலத்துக்குள்ள சர்க்கரை இருக்கா மருந்து இருக்காங்கறது அப்புறங்க. எனக்கு நெஞ்சு வலியா இருந்து, அதைக் கழுத்து வலின்னு நான் சொல்லியிருந்தா?"

பீமராவ் டிராயரைத் தள்ளி மூடினார். அதை அவர் யோசித்ததே இல்லை.

உள்கதவு திறந்து இளவேனில் வந்தாள். லூர்துராணி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, சுவரிலிருந்த சான்றிதழையும் கிளினிக்கின் பதிவையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "உங்க பேப்பர்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா பதிவு இல்லாத ஒருத்தரை நீங்க தெரிஞ்சே உங்க கிளினிக்ல வைத்தியம் பாக்க விட்டிருந்தா, கவுன்சில் உங்க பதிவுலதான் கை வைக்கும். உங்களுக்குத் தெரிஞ்சுதான் குடுத்தாரா?"

இளவேனில் பொட்டலங்களைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டிருந்த அந்த முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. "என் அசிஸ்டெண்ட்தாங்க மேடம்" என்று ஆரம்பித்தாள். "நான் சொல்லித்தான்…"

"இல்லைங்க" என்று பீமராவ் எழுந்து நின்றார். "அவளுக்குத் தெரியாது. அவ முசிறிக்குப் போற நாள்ல நானா குடுத்தது. இன்னைக்குத்தான் அவ உள்ள இருக்கும்போதே குடுத்தேன். பொய் சொல்றா மேடம், எழுதிக்காதீங்க."

"வெள்ளிக்கிழமை உருண்டை இதாப்பா?" என்றாள் இளவேனில் மெதுவாக. அவர் அவள் உதட்டைப் பார்த்தார்.

"வெறும் சர்க்கரைம்மா."

ஆறு மாதமாக ஊர் கொண்டாடிய மருந்து அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டு நின்றாள்.

"எழுத்துல குடுங்க" என்றார் லூர்துராணி. மனு எழுதி எழுதிப் பழகிய கை, எழுதுவதற்கு நேரம் பிடிக்கவில்லை. தன்னுடைய மிக நல்ல கையெழுத்தில் எழுதினார்: 'மனுவில் கண்ட மேற்படி நபர் நானே. எனக்கு மருத்துவப் பட்டமோ பதிவோ கிடையாது. டாக்டர் இளவேனிலுக்குத் தெரியாமல் என் சொந்தப் பொறுப்பில் செய்தேன். இன்று முதல் இந்த மேஜையில் அமர மாட்டேன், எவரையும் விசாரிக்க மாட்டேன், எதையும் கொடுக்க மாட்டேன்.' கையெழுத்துக்குக் கீழே பழக்க தோஷத்தில் கண்டக்டர் பேட்ஜ் எண்ணையும் போட்டார், பிறகு அடித்துவிட்டார்.

லூர்துராணி அதை மடித்து வைத்துக்கொண்டார். முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு அறிக்கை போகும், இன்னொரு புகார் வந்தால் தன் கையில் இல்லை என்றார். படியிறங்கும்போது திரும்பி, "கழுத்து வலி நிஜந்தாங்க, அது பொய் இல்ல" என்றார். பீமராவ் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். டோக்கன் கட்டை மேஜை மேல் வைத்தார். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, மழையில் மச்சினன் இறங்கின மாதிரியே, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் பின்பக்கமாக வீட்டுக்குள் போனார்.

அடுத்த நாளிலிருந்து மேஜையில் ராசாத்தி உட்கார்ந்தாள். ஒரு கேள்வி கேட்பதில்லை. டோக்கனைக் கிழித்தாள், கையைக் காட்டினாள். "பெரியவருக்கு என்னம்மா உடம்புக்கு?" என்று சம்ரீனின் மாமியார் கேட்டபோதும், "உள்ள இருக்காரு" என்று மட்டும் சொன்னாள். பீமராவ் பின்கட்டில் உட்கார்ந்து பழைய பேப்பர் படித்தார். அவருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக, ஹாலில் யார் என்ன கதை சொல்கிறார்களோ என்ற ஏக்கம் இருந்தது. பேப்பரை அப்படியே மடித்து வைத்துவிட்டுச் சுவரோரம் வந்து நிற்பார், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவார்.

ஐந்தாம் நாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தெருப்பக்கம் சுற்றி வந்து, வாசற்படி ஏறி வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும் ராசாத்தி நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு என்ன?"

"அதை நீ கேக்கக் கூடாது. டோக்கன் குடு."

பத்தாம் எண் கிடைத்தது. இரண்டு மணி நேரம் மற்றவர்களைப் போலவே காத்திருந்து உள்ளே போய், நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேஜையின் ஓரம், மகளுக்கு அவருடைய இடதுகாது தெரிகிற மாதிரி ஸ்டூல் கிடந்தது.

"சொல்லுங்கப்பா" என்றாள் இளவேனில். சிரிக்கவில்லை. புது நோட்டுப் பக்கம் எடுத்துப் பெயர், வயது எழுதினாள். குனிந்து எழுதிக்கொண்டே, "தூக்கம் எப்படி?" என்று கேட்டாள்.

பீமராவ் சுவரிலிருந்த சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?"

அவர் சான்றிதழின் கீழ்வரியைப் படித்துக்கொண்டிருந்தார்.

இளவேனிலின் பேனா நின்றது. எழுந்து, சத்தமில்லாமல் ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு அவருக்கு வலப்பக்கம் வந்து நின்று, அதே குரலில் மறுபடி கேட்டாள். "எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீங்க?"

"வலது பக்கம்மா" என்றார் உடனே. "அப்பத்தான் ராத்திரி ஒரு சத்தமும் தொந்தரவு பண்ணாது." சொன்ன பிறகுதான், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது.

"எவ்வளவு நாளாப்பா?"

"ரிட்டயர் ஆகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியேம்மா. எஞ்சின் சத்தம், விசிலு, இடது காது போச்சு. வெளிய சொன்னா ஃபிட்னஸ் இல்லன்னு இறக்கிவிட்டிருப்பாங்க. டிக்கெட் இல்லாமத்தான் நானும் ரெண்டு வருஷம் ஓட்டினேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஜனங்களைச் சத்தமா சொல்லுங்கன்னதும் அதுக்குத்தான். உன்னை மாதிரி மெதுவா சொன்னா எனக்குப் பாதி வர்றதில்ல."

ஊரெல்லாம் எந்தப் பக்கம் படுக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்தவள் அவள். கத்தாதீங்கப்பா, கத்தாதீங்கப்பா என்று இத்தனை நாள் அவரைத் திட்டியவளும் அவள்தான். இளவேனில் அவர் தோளைப் பிடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மற்ற கேள்விகளையும் ஒன்று விடாமல் கேட்டாள், வலப்பக்கம் நின்றபடி. இடி, புளிப்பு, கோபம், எல்லாம். கேள்வி கேட்டே பழகிய பீமராவுக்குப் பதில் சொல்லவும் பிடித்திருந்தது. முக்கால் மணி நேரம் பேசினார். பதினோராம் எண் இரண்டு தடவை கதவைத் தட்டியது.

கடைசியில் அவள் சீட்டை எடுத்தாள். "இது என் உருண்டைக்குள்ள அடங்கற விஷயம் இல்லப்பா. காது டாக்டர் பாக்கணும், மிஷின் வெச்சு சோதிக்கணும். எனக்குத் தெரியாததை நான் பாக்கக் கூடாது. எழுதித் தரேன்."

பீமராவ் சீட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். மகளின் கையெழுத்துக்குக் கீழே அவளுடைய பதிவு எண் இருந்தது. அதன் மேல் ஒருமுறை கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். மேலே எழுதியிருந்த காது டாக்டர் பெயரைக் காட்டி, "இவர் பேரு பதிவேட்டுல இருக்கான்னு பாத்தியாம்மா?" என்றார்.

"பாத்துட்டேன்."

"நம்பர்?"

அவள் சீட்டைத் திரும்ப வாங்கி அந்த எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். இளவேனில் அவருடைய வலது காதருகே குனிந்து, நாளைக்குத் தானும் கூட வருவதாகச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஹாலில் இருந்த ஒருவருக்கும் கேட்கவில்லை.